வாசகர் கேள்வி பதில்: வெறுப்பதில் என்ன பெருமை?

சென்ற இதழில் வேறு ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது "கோபப்படுவது வேறு, வெறுப்பது வேறு" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த முறை முழுப் பக்கமும் இதற்கே.

கேள்வி: என் சித்தப்பா என் அப்பாவை ஏமாற்றி வீட்டைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் அப்பா ரொம்ப நாள் இருக்கவில்லை. பதினொரு ஆண்டுகளாகச் சித்தப்பாவை வெறுக்கிறேன். அந்தப் பத்திரத்தின் ஜெராக்ஸ் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. சோர்ந்துபோகும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பேன். மடிப்பில் கிழிந்துவிட்டதால் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே என்னை மேலே படிக்க வைத்ததும், இந்த நிலைக்கு உயர்த்தியதும் அந்த வெறுப்புதான். இதைப் பெருமையாகவே சொல்வேன். போன மாதம் என் மகள் "இதுல என்னம்மா பெருமை?" என்று கேட்டுவிட்டாள். நான் பெருமைப்படக் கூடாதா? (பெயர் வேண்டாம் என்ற வாசகி)

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வெறுப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. "எல்லாவற்றையும் மறந்துவிடு, மனசைப் பெரிசாக்கிக்கோ" என்று உங்களிடம் எத்தனையோ பேர் சொல்லியிருப்பார்கள், அதில் பாதிப் பேர் உங்கள் அப்பா ஏமாற்றப்பட்டபோது வாய் திறக்காதவர்களாகவும் இருந்திருப்பார்கள். அந்த வரிசையில் நானும் வந்து நிற்கப்போவதில்லை.

வெகுளி, அதாவது கோபம், எதனால் பிறக்கிறது என்று தொல்காப்பியம் நான்கு காரணம் சொல்கிறது: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. கை காலை வெட்டுவது, குடும்பத்துக்குக் கேடு சூழ்வது, அடித்து வதைத்து அவமதிப்பது, கொல்வது. நான்குமே ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குச் செய்கிற கொடுமைகள். யாரோ நம்மைவிட நன்றாக இருக்கிறார், யாரோ நம்மைப் போல இல்லை என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை. உங்களுக்கு நடந்தது குடிகோள். சொந்த ரத்தமே செய்த குடிகோள். அதற்கு உள்ளம் கொதிக்காமல் இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

சரி, பெருமைக்கு வருவோம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். "பெருமை" என்று நீங்கள் சொல்லும் இடத்தில் மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, அப்பா மேல் இருக்கும் பாசம். இரண்டு, வேலை முடித்துக் களைத்து வந்து, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு விளக்கைப் போட்டுப் படித்த உழைப்பு. மூன்றாவதுதான் வெறுப்பு. முதல் இரண்டிலும் நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் பெருமைப்படலாம். ஆனால் அந்த இரண்டின் பெயரையும் மூன்றாவதுக்கு எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். ஏமாற்றப்பட்டவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், ஏமாற்றியவனை வெறுக்கிறவர்களும் அதே அளவுக்கு இருப்பார்கள், அவர்களெல்லாம் படித்துவிடவில்லையே. வெறுப்பு உங்களைத் தள்ளிவிட்டிருக்கலாம், ஆரம்பத்தில் அதற்கு அந்தச் சக்தி உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் தினமும் போய்ப் புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்தது நீங்கள். உங்கள் சித்தப்பா உங்களிடமிருந்து ஒரு வீட்டை எடுத்துக்கொண்டார். படிப்பின் பெருமையையும் அவர் கணக்கிலேயே வரவு வைக்க வேண்டுமா?

அடுத்தது அந்த டேப். அதைப் படித்தபோது மனது அப்படியே நின்றுவிட்டது.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் கோபத்துக்கும் வெறுப்புக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதும்போது, கோபம் காலப்போக்கில் ஆறும், வெறுப்பு ஆறாது என்கிறார். கோபப்படுகிறவன் எதிராளியும் அதே வலியை உணர வேண்டும் என்று நினைக்கிறான், வெறுக்கிறவன் எதிராளியே இல்லாமல் போக வேண்டும் என்று நினைக்கிறான் என்றும் சொல்கிறார். அது ஏன் ஆறுவதில்லை என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே ஒரு பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். காகிதம் தானாகக் கிழியத் தொடங்கியது. எடுத்து எடுத்துப் பார்த்ததில் மடிப்பு நைந்துபோய், இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் இரண்டு துண்டாகியிருக்கும். நீங்கள் கத்திரிக்கோலை எடுத்து, டேப்பை அளவாக வெட்டி, எழுத்து மறையாமல் பார்த்து ஒட்டியிருக்கிறீர்கள். பெருமை என்று ஆகிவிட்ட வெறுப்புக்கு இப்படித்தான் பராமரிப்பு தேவைப்படுகிறது. சும்மா வந்த வெறுப்பென்றால் அதன் போக்கில் தேய விட்டுவிடலாம். பெருமை என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டால் தேய விட முடியாது, தேய்ந்தால் நம்மிடம் இருந்தது ஏதோ குறைந்ததாகத் தோன்றும்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன், எனக்கு எழுத வேண்டாம், உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் காலையில் உங்கள் சித்தப்பா வாசலில் வந்து நின்று, "நான் செய்தது அயோக்கியத்தனம், அண்ணனைக் கொன்றதே நான்தான், வீட்டுச் சாவி இந்தா" என்று அழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த முதல் நொடியில் உங்களுக்குள் என்ன நடக்கும்? நிம்மதி வந்தால், உங்கள் வெறுப்பு இன்னும் நியாயத்தின் பக்கம்தான் நிற்கிறது. ஒருவேளை "ஐயோ, இவர் நல்லவராகிவிட்டாரே, இனி நான் என்ன செய்வேன்" என்று ஒரு துளி ஏமாற்றம் எட்டிப் பார்த்தால், அப்போது நீங்கள் காத்துவருவது அப்பாவுக்கான நியாயத்தை அல்ல. அவர் கெட்டவராகவே இருப்பது உங்களுக்குத் தேவைப்படத் தொடங்கிவிட்டது.

வெறுப்பு என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் இன்னொரு பொருளும் உண்டு. "விறப்பும் உறப்பும் வெறுப்பும் செறிவே" என்பது தொல்காப்பியம். செறிவு என்றால் அடர்த்தி, இடைவெளி இல்லாமல் நெருங்கிக் கிடப்பது. நாம் இன்று சொல்லும் வெறுப்புக்கும் அதற்கும் மொழியியலில் என்ன உறவோ, எனக்கு அந்தப் பொருள் மிகவும் சரியாகப் படுகிறது. 2008இல் லண்டனில் 17 பேருக்கு, அவர்கள் வெறுக்கும் ஒருவரின் முகத்தைக் காட்டி மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். வெறுப்பில் விழித்துக்கொள்ளும் பகுதிகளில் இரண்டு, காதலில் விழித்துக்கொள்ளும் அதே பகுதிகள். ஆனால் காதலில் எடைபோட்டுத் தீர்ப்புச் சொல்லும் பகுதி பெருமளவு அடங்கிவிடுகிறது, வெறுப்பில் அது அவ்வளவாக அடங்குவதில்லையாம். அதாவது வெறுக்கிறவர் ஓய்வே இல்லாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். பதினொரு ஆண்டுகள் உங்கள் தலைக்குள் அந்த மனிதருக்கு எவ்வளவு இடம் கொடுத்துவிட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

காகிதத்தைக் கிழித்துப் போடச் சொல்ல மாட்டேன். வழக்குப் போடும் எண்ணம் இருந்தால் இந்த வாரமே ஒரு வழக்கறிஞரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், இதற்கெல்லாம் காலவரம்பு உண்டு, ஏற்கெனவே தாமதம். அந்த எண்ணம் இல்லையென்றாலும் இருக்கட்டும். ஆனால் உங்கள் மகள் கேட்ட கேள்வியில் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அவளுக்குத் தாத்தாவைப் பற்றி என்ன தெரியும்? அவர் ஏமாந்த கதையைத் தவிர? அவர் எதற்குச் சிரிப்பார், எப்படி நடப்பார், உங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவார், சைக்கிள் கற்றுக் கொடுக்கும்போது எங்கே பிடித்துக்கொண்டார்? அலமாரியில் அந்த ஜெராக்ஸுக்குப் பக்கத்தில் அப்பாவின் பொருள் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் முதலில் அதை எடுத்து அவள் கையில் கொடுங்கள்.

கேள்வி: அநியாயத்தைக் கண்டு வெறுப்பு வராதவன் மனிதனா? "ரௌத்திரம் பழகு" என்று பாரதி சொல்லவில்லையா? நீங்கள் எல்லோரையும் சாது ஆக்கப் பார்க்கிறீர்கள். (ஓர் இளைஞர்)

பதில்: சொன்னார். புதிய ஆத்திசூடியில் சொன்னார். ரௌத்திரம் பழகு என்றார், துவேஷம் பழகு என்று சொல்லவில்லையே தம்பி. "பகைவனுக் கருள்வாய் நன்னெஞ்சே" என்று பாடியதும் அதே வாய்தான். ரௌத்திரம் ஒரு செயலைப் பார்த்து எழுந்து நிற்பது. அந்தச் செயல் நின்றுவிட்டால் அதற்கும் வேலை முடிந்தது.

அடிமைத்தனத்தை ஃபிரெடரிக் டக்ளஸ் அளவுக்கு வெறுத்தவரைக் காட்டுவது கடினம். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, 1838 செப்டம்பர் 3 அன்று தப்பியோடியவர். சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, 1848இல் அதே நாளில், தன்னைச் சொத்தாக வைத்திருந்த தாமஸ் ஆல்டுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தில் துளியும் குழைவு கிடையாது. என் சகோதரிகள் எங்கே, என் பாட்டியை என்ன செய்தாய், உன் மகளை யாராவது இப்படித் தூக்கிக்கொண்டு போனால் உனக்கு எப்படி இருக்கும் என்று முகத்துக்கு நேராகக் கேட்கிறார். அடிமைமுறையைத் தாக்க உன்னை ஓர் ஆயுதமாகவே பயன்படுத்தப் போகிறேன் என்று சொல்லியே விடுகிறார். ஆனால் அதே கடிதத்தில், தனிப்பட்ட முறையில் உன் மேல் எனக்குப் பகை இல்லை, என் வீட்டுக் கூரையின் கீழ் இருப்பதைவிட வேறெங்கும் உனக்குப் பாதுகாப்பு அதிகம் இருக்காது என்றும் எழுதுகிறார். அடிமைமுறை 1865இல் ஒழிந்தது. 1877இல், நோயில் படுத்துக்கிடந்த அந்தக் கிழவரை டக்ளஸ் நேரில் போய்ப் பார்த்தார். இருவரும் அழுதார்கள். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் ஓடித்தான் போயிருப்பேன் என்று ஆல்டு சொன்னாராம்.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் சொல்கிறேன். ருவாண்டாவில் 1993இல் தொடங்கிய ஒரு வானொலி, பாட்டும் கேலியுமாக, கேட்கிறவர்களுக்குப் பிடித்த மாதிரியே நடந்தது. அதன் வழியாகத்தான் அங்கே சிறுபான்மையினரான டுட்சி மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினார்கள். அவர்களை வெறுப்பது நாட்டுப்பற்று, வெறுக்காதவன் துரோகி என்று ஆக்கினார்கள். 1994 ஏப்ரலில் தொடங்கி ஏறத்தாழ 100 நாட்களில் சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், வெட்டியவர்களில் பலர் பக்கத்து வீட்டுக்காரர்கள். வெறுப்பதற்கு மறுத்த ஹுட்டுகளும், அதாவது பெரும்பான்மை இனத்தவரும், செத்தார்கள். அந்த வானொலியை நடத்தியவர்களைப் பன்னாட்டுத் தீர்ப்பாயம் 2003இல் தண்டித்தது. அந்த மக்களிடம் வெறுப்பு அதற்கு முன்பே இருந்தது. வானொலி செய்தது, அதில் வெட்கப்பட வேண்டியதில்லை, நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம் என்று அனுமதி கொடுத்தது.

ஒரு குழுவில் பிறந்தான் என்பதற்காக ஒருவனை வெறுப்பது உங்கள் ரௌத்திரத்தில் சேராது. அரிஸ்டாட்டிலும் இதைத் தொட்டிருக்கிறார்: கோபம் எப்போதும் ஒரு தனி ஆள் மேல்தான் வரும், வெறுப்பு ஒரு வகையினர் மேலேயே வரும் என்கிறார். திருடன் என்ற வகையை யாரும் வெறுக்கலாம், அதில் அவன் செய்த செயல் இருக்கிறது. பிறப்பில் செயல் எதுவும் இல்லை. உங்களுக்கு வருவது எது என்று சந்தேகம் வந்தால், "அவர் என்ன செய்தார்?" என்று உங்களையே கேளுங்கள். பதில் ஒரு வினைச்சொல்லாக வந்தால் மேலே பேசலாம்.

கேள்வி: தலையணையைக் குத்தினால், கத்தித் தீர்த்தால் வெறுப்பு வடிந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: இல்லை. 2002இல் 600 கல்லூரி மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. அவர்கள் எழுதிய கட்டுரையைக் கடுமையாக மட்டம் தட்டி எரிச்சலூட்டி, அப்புறம் ஒரு பிரிவினரை, மட்டம் தட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தச் சொன்னார்கள். அவர்களுக்குத்தான் கோபம் அதிகம் இருந்தது. எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்தான் ஆத்திரத்தைக் குறைவாகக் காட்டினார்கள். முகத்தை மனதில் வைத்துக்கொண்டு குத்துகிறவரை வெறுப்பு வடியாது, அது ஒத்திகை ஆகிவிடும். நடக்கப் போங்கள், ஆனால் அந்த ஆளையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒருவரை யாருக்குமே பிடிக்காது. அவரைப் பற்றிப் பேச ஒரு வாட்ஸ்அப் குழுவே இருக்கிறது. அதில் சேர்ந்த பிறகுதான் எனக்கு அங்கே நண்பர்கள் கிடைத்தார்கள். ஆனால் ஏதோ உறுத்துகிறது.

பதில்: உறுத்தட்டும், அது நல்ல உறுத்தல். நண்பர்கள் கிடைத்ததில் ஆச்சரியம் இல்லை. ஒருவரைப் பற்றிப் பிடித்த விஷயத்தில் ஒத்துப்போவதைவிட, பிடிக்காத விஷயத்தில் ஒத்துப்போகும்போது புதியவர்களுக்குள் நெருக்கம் கூடுகிறது என்று 2006இல் ஓர் ஆய்வே வந்திருக்கிறது.

நானும் இதில் இருந்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஆறு பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம், ஒரு மேலாளரைப் பற்றித்தான் பேச்சு. அவர் தொண்டையைச் செருமும் விதம், மின்னஞ்சலில் அவர் போடும் மூன்று ஆச்சரியக்குறி, எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவோம். அவரை யார் அதிகம் வெறுக்கிறார்கள் என்பதில் ஒரு போட்டியே உண்டு, அதில் ஜெயிப்பது பெருமையாக இருந்தது, அன்று எனக்கு அப்படித்தான் இருந்தது. பிறகு அவருக்கு இடமாற்றம் வந்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை மேசையில் ஆறு பேரும் உட்கார்ந்தோம். டப்பாக்களைத் திறக்கும் சத்தம் கேட்டது. யாரோ மழையைப் பற்றி ஏதோ சொன்னார்கள். அவ்வளவுதான். மூன்று ஆண்டு நட்பு, ஒருவருடைய குழந்தையின் பெயர் இன்னொருவருக்குத் தெரியவில்லை. இரண்டு வாரத்தில் ஒவ்வொருவராகத் தனித்தனியே சாப்பிடப் போய்விட்டோம். நாலாவது வாரம், புதிதாக வந்த ஒரு பெண்ணின் சிரிப்பை ஒருவர் நடித்துக் காட்டினார். பழைய ஆறு பேரும் மறுபடி ஒன்றாகச் சேர்ந்துவிட்டோம். அந்தப் பெண் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. இதை எழுதும்போது இப்போதும் முகம் சுடுகிறது.

குழுவை விட்டு வெளியே வருவது கடினம் என்று தெரியும். முதலில் அந்தக் குழுவில் உள்ள ஒருவரிடம் தனியாக, அவருடைய சொந்த வாழ்க்கையைப் பற்றி ஏதாவது கேளுங்கள். பேச்சு ஓடினால் அந்த நட்பு பிழைக்கும்.

கேள்வி: அப்படியானால் மன்னித்தே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். வெறுப்பை விடுவதும் மன்னிப்பதும் ஒன்றல்ல. உறவை மறுபடி தொடங்காமலும், வழக்கை வாபஸ் வாங்காமலும், நடந்ததை மறக்காமலும் வெறுப்பை மட்டும் கீழே வைக்க முடியும். வள்ளுவர் இகல் (பகை உணர்வு) அதிகாரத்தில் "இகல்கருதி இன்னாசெய் யாமை தலை" என்கிறார். இன்னா செய்யாதே என்பதோடு நிறுத்திக்கொண்டார் பாருங்கள், போய்க் கட்டிப்பிடி என்று சொல்லவில்லை.

கேள்வி: என் கேள்வி தலைகீழ். என் பழைய நண்பன் என்னை வெறுக்கிறான், அதைப் போகிற இடமெல்லாம் பெருமையாகச் சொல்கிறான். அவன் என்னை நம்பிச் சொன்ன ஒரு ரகசியத்தை நான் வெளியே சொல்லிவிட்டேன், அதனால் அவன் நிச்சயித்த திருமணம் நின்றது. தப்பு என்னுடையதுதான். இத்தனை நாள் ஆகியும் அவன் விட மாட்டேன் என்கிறான். அவனுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: அவருக்கு நீங்கள் எதையும் புரியவைக்க வேண்டியதில்லை. "இத்தனை நாள் ஆகியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாட்களை எண்ணும் உரிமை அவருடையது. மேலே நான் அந்த வாசகிக்கு எழுதியதைக் கத்தரித்து அவருக்கு அனுப்பும் யோசனை இருந்தால் தயவுசெய்து செய்யாதீர்கள், வெறுப்பை விடு என்று சொல்லத் தகுதியே இல்லாத ஒரே ஆள் நீங்கள்தான்.

தப்பு என்னுடையது என்று எனக்கு எழுதிவிட்டீர்கள். அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் எங்கும் அது இல்லை. சொல்லவில்லையென்றால் ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள். என்ன செய்தேன், யாரிடம் சொன்னேன், அதனால் உனக்கு என்ன போயிற்று, அது என் தப்பு. "ஆனால்" என்று ஒரு வரி தொடங்கினால் அந்த வரியை அடித்துவிடுங்கள். "மன்னித்துவிடு" என்றுகூட எழுத வேண்டாம், அது அவரிடம் இன்னொன்றைக் கேட்பது. அனுப்பிவிட்டு, பதில் வருகிறதா என்று போனை எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். அவர் உங்களைப் பற்றி எங்காவது பேசியது காதுக்கு வந்தால், "அவர் சொல்வது உண்மைதான்" என்று மட்டும் சொல்லுங்கள்.